மகரம்: கடல் விலங்கு காதணியான கதை

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, திருச்செந்தூர் சாலையில் உள்ள தென்திருப்பேரை, தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதிகளுள் ஒன்று. நம்மாழ்வார் பாடிய இத்தலத்துப் பெருமாளின் திருநாமம் மகர நெடுங்குழைக்காதர். ஆற்றில் தீர்த்தமாடிய தாயாரின் கைக்கு மீன் வடிவ மகர குண்டலங்கள் கிடைத்தன, அவற்றைப் பெருமாள் அணிந்துகொண்டார் என்கிறது தலபுராணம்.

மகரம் முழு மீன் அல்ல. முதலையின் தாடை, யானையின் துதிக்கை, மீனின் உடல் எனப் பல விலங்குகள் கலந்த உருவம் அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்குத் பௌத்த ஸ்தூபியின் சிற்பங்களிலேயே அது இருக்கிறது. அடிப்படையில் அது நீரின் வலிமை. வருணனுக்கும் கங்கைக்கும் வாகனமானது அதனால்தான். அதே விலங்கு மன்மதனின் கொடியில் ஏறியதும் காமத்தின் அடையாளமாயிற்று. திருமாலின் காதிலோ அச்சம், வேட்கை இரண்டும் விலகி, அருளின் அழகு மட்டுமே எஞ்சுகிறது. இந்தப் பொருள்மாற்றங்களில் மிக நுட்பமானது இதுவே.

வானத்து மகரத்தின் வழி வேறு. பாபிலோனியர் நீர்த்தெய்வமான ஏயாவுக்கு உரியதாகக் கருதிய ஆட்டுமீன், கிரேக்க சோதிடத்தின் வழியே இந்தியா வந்து மகர ராசியானது. தைப்பொங்கலன்று சூரியன் நுழைவது அந்த ராசியில்தான்.

கடல் கடந்தும் மகரம் சென்றது. ஜாவாவில், 9ஆம் நூற்றாண்டின் போரோபுதூரில் மழைநீரை வெளியேற்றும் தூம்புகளிலும், படிவாயில்களின் இருபுறமும் அதன் திறந்த வாயைக் காணலாம். தமிழகக் கோயில்களில் அது மகரதோரணமாகி, தெய்வத் திருவுருவைச் சூழ்ந்து காவல் நிற்கிறது.