பொட்டாஷும் உப்பும் பிரியும் விதம்

வேப்பம்பட்டு என்னும் ஊரைச் சுற்றி வீட்டுமனைகளாகாமல் மிஞ்சியிருக்கும் வயல்களுக்கு உழவர்கள் இடும் பொட்டாஷ் உரம் நம் அடுக்களை உப்புக்கு நெருங்கிய உறவு என்பதும், கனடாவிலும் ருஷ்யாவிலும் பூமிக்கடியில் அவ்விரண்டும் பிணைந்தே கிடக்கின்றன என்பதும் பலர் அறியாத விஷயம். மூட்டையில் செந்நிறமாக வருவது பெரும்பாலும் பாறையைப் பொடித்து நுரையில் மிதக்கவைத்துப் பிரித்தது. வெண்ணிறமாக வருவது நீரில் கரைத்துப் படிகமாக்கியது. இயற்கையின் நுட்பமான நியதியொன்று இந்த இரண்டாவது முறையில்தான் வெளிப்படுகிறது.

20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர், சாதாரண உப்பானால் 36 கிராமையும், பொட்டாஷ் உரமான பொட்டாசியம் குளோரைடானால் 34 கிராமையும் கரைத்துக்கொள்ளும். அதே நீர் கொதிக்கும்போது முன்னது 39 கிராமளவில் நின்றுவிட, பின்னது 56 கிராமாகப் பெருகிவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில், அடியில் இரண்டுமே கரையாமல் தங்குமளவுக்கு இட்டாலோ, குளோரைடு இரண்டுக்கும் பொதுவாதலால் ஒன்று மற்றொன்றை நெருக்கி, கொதிநிலையில் உப்பு ஏறத்தாழ 27 கிராமும் பொட்டாசியம் குளோரைடு 35 கிராமும், 25 டிகிரியில் முறையே 30 கிராமும் 16 கிராமுமே கரைந்திருக்கும். ஆகவே தெளிந்த கொதிநீரை இறுத்து ஆறவிட்டால், பொட்டாசியம் குளோரைடில் பாதிக்குமேல் படிகமாக இறங்கிவிட, அதன் நெருக்குதல் விலகியதனால் உப்பு ஒரு துகளும் படியாமல் கரைசலிலேயே நிற்கிறது. அந்த நீரையே மறுபடி காய்ச்சிப் புதிய பாறைப்பொடியில் ஊற்றினால், உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் பொட்டாஷை மட்டும் கரைத்துக்கொண்டு வருகிறது! ரசாயன சாஸ்திரத்தில் இதைவிட அழகான பிரிவினையை நான் அறியேன்.

பாறையை விட்டுக் கடல்நீருக்கு வந்தால், அதில் மக்னீசியமும் சல்பேட்டும் குறுக்கிடுவதால் கணக்கு சிக்கலாகிறது. கடல்நீர் வற்றிப் படிந்த ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் சுரங்க உப்புகளை முன்னிட்டு ரசாயன அறிஞர் வாண்ட் ஹாஃப் 1896 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தச் சிக்கலைத்தான்.

நம் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நீர் போமே என்னும் அடர்த்தி அளவுகோலில் 25-ஐ எட்டியதும் உப்பு பூக்கத் தொடங்குகிறது; 30 போமேயை நெருங்கையில் எஞ்சும் கசப்பு நீரை, உப்பின் தரம் கெடாதிருக்க வடித்துவிடுகிறார்கள். பாத்திக்கு வந்த கடல்நீரின் பொட்டாசியம் அநேகமாக முழுவதும் அக்கசப்பு நீரில்தான் தங்கியிருக்கிறது. அதிலிருந்து பொட்டாஷ் உரம் எடுக்கும் முறைகளை, 1954-இல் பாவ்நகரில் தொடங்கப்பெற்ற மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிலையம் வகுத்திருக்கிறது. பொட்டாஷுக்கு ஏறக்குறைய முற்றிலும் அந்நிய நாடுகளை நம்பியிருக்கும் நாம், இந்த நீரை வடிகாலில் விடும் இடங்களிலெல்லாம் தனிப் பாத்தி கட்டித் தேக்க வேண்டும். உப்பள உரிமையாளரும் அரசாங்கமும் வருகிற பருவத்திலேயே அதைத் தொடங்க வேண்டுகிறேன்.