ஆபரேஷனுக்குப் பிறகு எடை இறங்குவது ஏன் மெதுவாகிறது?



உடல் பருமன் என்றால் டவுனில் உட்கார்ந்த இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வருவது என்று ஒரு காலத்தில் நினைத்தோம். இன்று நிலைமை அப்படி இல்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் உயரத்துக்கு ஏற்ற அளவைவிட அதிக எடையோடு இருக்கிறார்கள். 2015-16-ல் இது 31 ஆக இருந்தது.

எடை மிக அதிகமாகி, அதோடு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி எல்லாம் சேர்ந்துகொண்டால், சிலருக்கு டாக்டர்கள் எடை குறைப்பு ஆபரேஷனைச் சொல்கிறார்கள். இதற்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் என்று பெயர். செய்துகொண்ட பிறகு முதல் இரண்டு மூன்று மாதம் எடை கடகடவென்று இறங்கும். பார்ப்பவர்கள் எல்லாம் ஆச்சரியப்படுவார்கள். அதன் பிறகுதான் கவலை ஆரம்பிக்கிறது. "அக்கா, மூணு வாரமா முள்ளு அசையவே மாட்டேங்குது. இத்தனை பணத்தைப் போட்டு செஞ்சது வீணாப் போயிடுச்சா?" என்ற கேள்வி வருகிறது. வீட்டிலும் பேச்சு கிளம்புகிறது.

வீணாகவில்லை சகோதரிகளே. எடை இறங்குவது மெதுவாவது உடம்பின் இயல்பு. அது ஏன் என்பதை இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

இது என்ன ஆபரேஷன்?

பலர் நினைப்பது போல வயிற்றுக் கொழுப்பை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் அல்ல இது. இரைப்பையைச் சின்னதாக்குவது. இரண்டு முறைகள் அதிகமாகச் செய்யப்படுகின்றன. ஒன்று ஸ்லீவ். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு நீளக் குழாயை மட்டும் விடுவார்கள். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையை மட்டும் வைத்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் இணைப்பார்கள்.

இதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பும் குறையும். உள்ளே போவது குறைவதால், உடம்பு தான் சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்துச் செலவு செய்கிறது. எடை இறங்குகிறது.

முதல் மாதத்திலேயே ஒரு நிறுத்தம்

ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் இறங்கும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. அதில் ஒரு பங்கு தண்ணீர். நம் ஈரலும் தசைகளும் அவசரத்துக்காக அரைக் கிலோ அளவுக்குச் சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிராம் சேமிப்போடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் இந்தச் சேமிப்பில்தான் கை வைக்கும். சேமிப்பு கரையும்போது தண்ணீரும் வெளியேறும். அதனால்தான் அந்த வேகம்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் உடம்பு சற்று நிதானத்துக்கு வந்து, இந்தச் சேமிப்பில் கொஞ்சத்தைத் தண்ணீரோடு திரும்ப நிரப்பிக்கொள்ளும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் தண்ணீர் ஏறுவதால் முள் அப்படியே நிற்கும். ஒரு வாரம், இரண்டு வாரம்கூட நிற்கலாம். பிறகு தானாக இறங்கும். இதற்குப் பயந்து யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்.

உடம்பின் வரவு செலவு நோட்டு

குழுவின் வரவு செலவு நோட்டு எழுதும் நமக்கு இது சுலபமாகப் புரியும். சாப்பாடு வரவு. நடப்பது, வேலை செய்வது, மூச்சு விடுவது, இதயம் துடிப்பது எல்லாம் செலவு. வரவைவிடச் செலவு கூடினால், சேமிப்பான கொழுப்பு கரையும்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை முதுகில் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடந்தால் எவ்வளவு தெம்பு செலவாகும்? அதை இறக்கி வைத்துவிட்டு நடந்தால் எவ்வளவு மிச்சமாகும்? 110 கிலோ இருந்தவர் 85 கிலோவுக்கு வந்துவிட்டால் அந்தச் சிப்பத்தை இறக்கி வைத்துவிட்டார் என்று அர்த்தம். அதே வீட்டு வேலை, அதே நடைக்கு இப்போது உடம்பு குறைவாகத்தான் செலவு செய்யும்.

அதோடு, சாப்பாடு குறைந்ததைக் கண்ட உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிச் சிக்கனமாகவும் நடந்துகொள்ளும். இன்னொரு பக்கம், மாதங்கள் போகப் போக இரைப்பை கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பசியும் ஓரளவு திரும்பும். முதலில் இரண்டு கரண்டி சாப்பிட்டவர் நாலு கரண்டி சாப்பிடுவார். அதாவது செலவு குறைகிறது, வரவு கூடுகிறது. இரண்டும் ஒரு இடத்தில் சமமாகும்போது எடை நின்றுவிடும்.

எவ்வளவு இறங்கும்? எங்கே நிற்கும்?

பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை வருடத்தில், ஆபரேஷனுக்கு முன்பிருந்த எடையில் கால் பங்கு முதல் 100-க்கு 30 வரை குறையும். அதில் பெரும்பகுதி முதல் 6 மாதத்திலேயே இறங்கிவிடும். 110 கிலோ இருந்த ஒருவரை வைத்து உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம்.

முதல் 3 மாதம்: சுமார் 17 கிலோ. மாதம் 5, 6 கிலோ.
அடுத்த 3 மாதம்: சுமார் 8 கிலோ. மாதம் 3 கிலோவுக்குள்.
அதற்கடுத்த 6 மாதம்: சுமார் 6 கிலோ. மாதம் 1 கிலோதான்.

ஆக ஒரு வருட முடிவில் 31 கிலோ குறைந்து 79-ல் நிற்பார். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனால் முதலில் வேகம், பிறகு நிதானம், பிறகு நிறுத்தம் என்ற வரிசை அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான். 110 கிலோ இருந்தவர் 55 கிலோ ஆகிவிடுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரைப் பல வருடங்கள் கவனித்து வந்தார்கள். அவர்களில் பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 100-க்கு 32 பங்கு எடை குறைந்தது. 10 வருடம் கழித்துப் பார்த்தபோது 25 பங்கு குறைவாக இருந்தது. கொஞ்சம் திரும்பி ஏறியிருக்கிறது. ஆனால் பழைய எடைக்குப் போகவில்லை. ஆபரேஷன் செய்யாதவர்களைவிட இவர்களிடம் இறப்பும் குறைவாக இருந்தது. ஆகவே இரண்டு வருடம் கழித்து இரண்டு மூன்று கிலோ ஏறினால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

முள் நிற்கும்போது செய்யக் கூடாதவை

1. பட்டினி கிடப்பது. பருப்பு, முட்டையை நிறுத்திவிட்டு வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்தால் கொழுப்புக்குப் பதில் தசை கரையும். தசை குறைந்தால் உடம்பின் செலவு இன்னும் குறையும். எடை இறங்குவது மேலும் தடைப்படும்.

2. எடை குறைக்கும் பவுடர், கஷாயம், நீர் போகும் மாத்திரை என்று யாரோ சொன்னதை வாங்கிச் சாப்பிடுவது. காசும் போகும், உடம்பும் கெடும்.

3. மிக்சர், முறுக்கு, பிஸ்கட் கொறிப்பது. இவை சின்ன இரைப்பையிலும் சுலபமாக இறங்கிவிடும். சர்க்கரை போட்ட டீ, ஜூஸ், கலரும் அப்படித்தான். வயிறு நிறைந்ததே தெரியாது. வரவு மட்டும் ஏறும்.

4. மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு வயிற்றில் புண் வந்துவிடும்.

5. தினமும் எடை பார்ப்பது. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே மெஷினில் பார்த்தால் போதும். மாதவிலக்கு நாட்களில் உடம்பில் நீர் கோத்து எடை கூடிக் காட்டும்.

செய்ய வேண்டியவை

சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் புரதச் சத்தாக இருக்கட்டும். சோறு கடைசியில். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணம் கெட்டியான பருப்பில் 7, 8 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது. சுண்டல், பாசிப்பயறு, மீல்மேக்கர் எல்லாமே நல்லவை. நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

டாக்டர் அனுமதித்த பிறகு தினமும் நடக்க வேண்டும். குடம் தூக்குவது, மூட்டை தூக்குவது போன்றவற்றை டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பிறகு தசைக்குப் பலம் தரும் வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். எடை இறங்கவில்லை என்ற கோபத்தில் இவற்றை நிறுத்தவே கூடாது. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றாகப் போடாமல் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு பலருக்கு முடி கொட்டும். புரதமும் இரும்பும் சரியாகச் சேர்ந்தால் அநேகமாகத் திரும்ப வளரும்.

முள் நிற்கும்போது இஞ்சு டேப்பை எடுங்கள். இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறதா, பஸ் படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா, சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவையும் லாபக் கணக்குதான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இளம் சகோதரிகளுக்கு ஒரு முக்கியமான செய்தி. எடை குறைந்தால், குழந்தை தங்காமல் இருந்தவர்களுக்கும் திடீரென்று தங்கலாம். ஆனால் ஆபரேஷன் ஆகி ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாகச் சேராமல் போகலாம். காப்பர் டி போன்ற வேறு வழி பற்றி டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

வாந்தி நிற்காமல் வந்தால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், கடுமையான வயிற்றுவலி அல்லது காய்ச்சல் இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், கால் மரத்துப்போனால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். எடை வேகமாக இறங்கும் காலத்தில் பித்தப்பையில் கல் வருவதும் உண்டு. வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

கடன் கேட்கும் முன்

இந்தச் சிகிச்சைக்காகக் குழுவில் கடன் கேட்க நினைக்கும் உறுப்பினர், ஆபரேஷன் செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது. வாழ்நாள் மாத்திரை, 3 மாதம், 6 மாதம், பிறகு வருடா வருடம் ரத்தப் பரிசோதனை, போய்வரும் பஸ் செலவு எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டும். காப்பீடு இருந்தால் இந்த ஆபரேஷனுக்குப் பணம் தருவார்களா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எனக்கு எவ்வளவு எடை குறையும், எப்போது நிற்கும்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச

நம் குழுவில் ஒருவர் ஆபரேஷன் செய்துகொண்டு, எடை நின்றுபோய்க் கவலையில் இருந்தால் நாம் என்ன பேசுகிறோம்? "காசு கொடுத்து வயித்தை வெட்டிக்கிட்டா, அப்படியேதானே இருக்கா" என்ற ஒரு பேச்சு போதும், அவர் சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டுவிட. கூட்டத்துக்கே வராமல் இருந்துவிடவும் கூடும். அதற்குப் பதிலாக அவரோடு சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கலாம். பரிசோதனை நாளை நினைவுபடுத்தி, துணைக்கு ஒருவர் போய் வரலாம். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இதைப் படித்துக் காட்டி, இந்த இரண்டையும் யார் யார் செய்வது என்று தீர்மான நோட்டில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.