இண்டர்வியூ போறீங்களா? முதல் கேள்வியில கோட்டை விடாதீங்க!

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் ஒரு ஆளுக்கு 5 நிமிஷம் கிடைத்தாலே பெரிசு. அதற்குள் பெயர் எடுக்க வேண்டும்.

முதல் கேள்வி பெரும்பாலும் "உங்களை பற்றி சொல்லுங்க" என்பதுதான். உடனே அப்பா பெயர், ஊர் என்று ஒப்பிக்க வேண்டாம். அதெல்லாம் பயோடேட்டாவிலேயே இருக்கிறது. செய்த வேலையை சொல்லுங்கள். "ஐ.டி.ஐ. பிட்டர் படிச்சேன், பட்டறையில 6 மாசம் லேத்து ஓட்டினேன் சார்". இது போதும். அனுபவம் இல்லையா? மாமா கடையில் கணக்கு பார்த்ததும் வேலைதான். தெரியாததை தெரியும் என்றால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க.

சட்டை புதுசு வேண்டாம், துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் சரி. செல்போனை ஆப் செய்துவிடுங்கள்.

சம்பளம் பற்றி கேட்கத்தான் பலருக்கும் கூச்சம். "பிடித்தம் போக கையில எவ்வளவு வரும் சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ரூ.15 ஆயிரம் என்பார்கள். முழு தொகைக்கும் பி.எப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது ரூ.13 ஆயிரத்து 87 தான். பஸ், சாப்பாடு இலவசமா, நைட் ஷிப்டு உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுடுங்க.

முகாமுக்கு கட்டணம் கிடையாது. யாராவது டெபாசிட் கேட்டாலோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டை கொடுத்துட்டு போ என்றாலோ எழுந்து வந்துடுங்க. ஒரிஜினலை காட்டலாம், ஜெராக்ஸ்தான் கொடுக்கணும்.

தனியார் வேலைக்கு போனா எம்ப்ளாய்மெண்ட் பதிவு போயிடும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். பதிவு ரத்தாகாது. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் சீனியாரிட்டி அப்படியே இருக்கும்.