குகைக்குழியில் கிடந்த சாட்சி

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1613-ஆம் ஆண்டில் அவர்கள் அங்கே எழுப்பிய கெல்திரியாக் கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்க, இறந்தோரின் இருப்பிடம் மட்டும் இன்றும் உருக்குலையாமல் நிற்கிறது. அதன் வாயிலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் புரிகின்றன. ஏரிக்கரைக் குப்பங்களுக்குச் செல்லும் மாணவர்கள் அவற்றைத் தவறாமல் பார்த்து வரவேண்டும்.

கல்லால் ஆன எலும்புக்கூடு பேசாது. உண்மையான எலும்போ, கேட்கத் தெரிந்தவரிடம் பேசும். நிலத்தடிக் குகையொன்றில் கிடைத்த ஒரு மண்டையோடு, நான்கு லட்சத்து முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு கொலைக்குச் சாட்சி சொன்ன கதையைத்தான் இன்று கூற எண்ணுகிறேன்.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் பூர்கோசு நகருக்கு அருகே அட்டபுவெர்க்கா என்னும் குன்றுத்தொடர் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லாலான அக்குன்றுகளின் உள்ளே குகைகள் பல. அவற்றுள் ஒன்றில், இன்றைய வாயிலிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் இருளில் சென்றால், கிணறுபோல் செங்குத்தாக இறங்கும் ஒரு பிலம் வரும். ஆழம் சுமார் 13 மீட்டர். எலும்புக் குழி என்பதே அதன் பெயர். 1976-ஆம் ஆண்டில் கரடி எலும்புகளைத் தேடி இறங்கிய ஒரு மாணவர்க்கு அங்கே மனிதத் தாடையெலும்பு கிடைத்தது. அதன்பின் ஆண்டுதோறும் பொறுமையாகத் தோண்டியதில் ஆயிரக்கணக்கான மனித எலும்புத் துண்டுகள் வெளிவந்தன. அவை குறைந்தது 28 பேருக்கு உரியவை என்று கணக்கிட்டனர்.

அவர்களுள் ஒருவரின் மண்டையோட்டுக்குப் பதினேழாம் எண் இடப்பட்டது. அது முழுமையாகக் கிடைக்கவில்லை; 52 சில்லுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றை ஒட்டவைத்துப் பார்த்தபோது, இடக்கண்ணுக்கு மேலே நெற்றியில் இரண்டு துளைகள் தென்பட்டன. உடலுக்குரியவர் இளம் வயதினர். நோகெமி சாலா என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஊடுகதிர்ப் படங்களை அடுக்கடுக்காக எடுத்து, கணினியில் அம்மண்டையோட்டின் உருவத்தைச் சமைத்து ஆராய்ந்து, 2015-இல் தம் முடிவை வெளியிட்டனர்.

அவர்கள் வழக்கை நடத்திய முறை ஒரு நல்ல நீதிபதிக்கும் பெருமை தரும். மண்ணின் பாரத்தால் பின்னாளில் உடைந்ததாக இருக்கலாமே என்பது முதல் ஐயம். காய்ந்த எலும்பு உடைவதற்கும் ஈரம் உலராத எலும்பு உடைவதற்கும் வேறுபாடு உண்டு. பச்சை மூங்கிலும் உலர்ந்த மூங்கிலும் ஒரே வகையாகவா பிளக்கின்றன? துளையின் விளிம்புகள் பச்சை எலும்பு உடைந்த வகையைக் காட்டின. அடிபட்டபின் பிழைத்திருந்தால் எலும்பு வளர்ந்து விளிம்பு மழுங்கியிருக்கும். அவ்வடையாளம் சிறிதும் இல்லை. சரி, குழிக்குள் தவறி விழுந்திருக்கலாமே என்பது அடுத்த ஐயம். விழுபவன் பாறையில் மோதினால் ஒரு காயம் ஏற்படலாம். இங்கோ துளைகள் இரண்டும் வடிவில் ஒத்திருந்தன. விளிம்பில் ஒரே விதமான சிறு வெட்டுக்கூட இரண்டிலும் இருந்தது. ஆனால் தாக்கிய திசை மட்டும் வேறு. ஒரே கருவி இரு முறை ஓங்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? வேட்டையில் ஒரு முறை கை தவறலாம். இரண்டாவது அடியைக் கைதவறல் என்று யார் ஒப்புவர்? காயம் இடப்புறத்தில் இருப்பதால், எதிரே நின்றவர் அநேகமாக வலக்கையால் அடித்திருக்கவேண்டும் என்றும் கருதினர்.

இனி மற்றொரு கேள்வி. அவ்வடிகளில் ஒன்றே உயிரைப் போக்கப் போதுமானது. செத்தவர் தாமே நடந்து வந்து குழிக்குள் இறங்கமாட்டார். யாரோ கொணர்ந்து போட்டிருக்கவேண்டும். கொன்றவனே மறைக்கக் கொண்டுவந்தானா, அன்றி உற்றார் சுமந்துவந்தனரா? கொலையை மறைக்க நினைப்பவன், ஊரார் தம் பிணங்களை இடும் குழியைத் தேடி வருவானா என்பது என் ஐயம். வேட்டையாடித் தின்ற மான், குதிரை முதலியவற்றின் எலும்புகள் அக்குழியில் இல்லை. மனிதரோடு கரடி முதலான ஊனுண்ணிகளே கிடைத்தன. ஆகவே அது வாழ்ந்த இடமன்று. செந்நிறப் படிகக் கல்லாலான ஒரே ஒரு கைக்கோடரி 1998-இல் அங்கே அகப்பட்டது. இறந்தோர்க்கு வைத்த காணிக்கை அது என்பர் அகழ்ந்தவர். தற்செயலாக விழுந்தது என்பர் வேறு சிலர். ஒற்றைக் கல்லின்மேல் அவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டுவதற்கு எனக்குத் துணிவில்லை. எனினும், உலகில் நாம் அறிந்த மிகப் பழைய கொலையும், ஒருவேளை மிகப் பழைய இறுதிக்கடனும், ஒரே குழியில் கிடப்பது வியப்பன்றோ!

இத்தனை காலம் எலும்பு எப்படி மட்காமல் இருந்தது? இதற்கு விடை பழவேற்காட்டு ஏரியின் சேற்றிலேயே இருக்கிறது. அங்கே பன்னெடுங்காலமாகப் படிந்த சிப்பிகளைத் தோண்டியெடுத்துச் சுண்ணாம்பு சுடுவதுண்டு. சிப்பியின் பொருளும் அட்டபுவெர்க்காக் குன்றின் பொருளும் ஒன்றே. அது நீரிலுள்ள புளிப்பை முறித்துவிடும். புளிப்பு இல்லாத நீரில் எலும்பு எளிதில் கரையாது. நம் நாட்டுச் செம்புறை மண்ணுக்கு அக்குணம் இல்லை. பழவேற்காடு அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திரம்பாக்கத்தில், 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றை ஏந்திய மனிதனின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலும் அத்தகைய தொல்மனித மண்டையோடாக நாம் பெற்றது, 1982-இல் நருமதைக் கரையில் அத்னோராவில் கிடைத்த ஒன்றே. நம் மண்ணிலும் கொலைகள் நடந்திருக்கும், சாட்சிகள்தாம் கரைந்துபோயின.

கொலைக்குக் காரணம் யாது? எலும்பு அடியைச் சொல்லும். அடித்தவன் மனத்தைச் சொல்லாது. உணவுக்காகவோ இடத்துக்காகவோ பூசல் மூண்டிருக்கலாம். பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. மீன் மிகும் இடங்கள் சில, வலைகளோ பல. ஆதலின் எவர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் தீர்த்துக்கொள்வர். அதிலும் சண்டை வருவதுண்டு; ஆனால் சண்டைக்கு முன்னே பேச ஒரு வழி இருக்கிறது. குழியில் கிடந்த அந்த மக்களிடம் அத்தகைய ஏற்பாடு இருந்ததா என்பதை எந்தக் கதிரும் ஊடுருவிக் காட்டாது.

2016-இல் அவ்வெலும்புகளின் மரபுப் பொருளை ஆராய்ந்தவர்கள், அம்மக்கள் பிற்காலத்து நியாண்டர்தால் மனிதரின் முன்னோர் வழியினர் என்று கண்டனர். நெற்றியைப் பிளந்த கருவி எது என்பது மட்டும் இன்னும் புலப்படவில்லை. கோடைதோறும் அகழ்வோர் விளக்கும் கயிறுமாக அக்குழிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கின்றனர்.