கொட்டாங்குச்சித் தண்ணீரும் ஒரு சிவப்புக் கோடும்

உயிரினங்களின் உலக வரைபடத்தில் வாலஸ் கோடுதான் சூப்பர் ஸ்டார். இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே ஓடுகிறது. மேற்கே புலியும் காண்டாமிருகமும். கிழக்கே காக்கட்டூக்களும் பை வைத்த பாலூட்டிகளும். பாடப்புத்தகத்தில் பார்த்தால் அவ்வளவு சுத்தம், அவ்வளவு நேர்த்தி. அது கருவான அறைக்குள் எட்டிப் பார்த்தால்? அடேயப்பா, மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்!

1856. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூரிலிருந்து சுலவேசித் தீவிலுள்ள மக்காஸருக்குப் போகத் துடிக்கிறார். நேர்க் கப்பல் இல்லை. சரி, சுற்றியே போவோம் என்று ஒரு சீன வணிகரின் பாய்க்கப்பலில் ஏறுகிறார். இருபது நாள் ஆடி அசைந்து அது பாலியின் வடகரையில் போய் நிற்கிறது. அங்கே இரண்டே நாள் தங்கல். தூக்கணாங்குருவி, குக்குறுவான், மரங்கொத்தி என்று கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டு அடுத்த தீவான லொம்போக்குக்குக் கிளம்பிவிட்டார். மக்காஸருக்கு நேர்க் கப்பல் கிடைத்திருந்தால் இந்தத் தீவுகள் பக்கமே வந்திருக்க மாட்டேன் என்று பிற்பாடு அவரே எழுதினார். கப்பல் கிடைக்காமல் போனதற்கு யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது!

லொம்போக்கில் இறங்கினால் ஆட்களே மாறிவிட்டார்கள். மரமெல்லாம் வெள்ளைக் காக்கட்டூக்களின் கத்தல். தேனுண்ணிகள். அப்புறம், என் செல்லம், அந்த மேட்டுக்கோழி! இலை, மண், கல், குச்சி என்று கிடைத்ததையெல்லாம் காலால் வாரி ஆறு முதல் எட்டு அடி உயரத்துக்குக் குவிக்கும்; உள்ளே முட்டையைப் புதைத்துவிட்டு நடையைக் கட்டிவிடும். அடைகாக்கிற வேலை குப்பைச் சூட்டின் பொறுப்பு. பாலியில் இதில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. இத்தனைக்கும் ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியும். நடுவில் உள்ள நீரிணை குறுகலான இடத்தில் இருபது கிலோமீட்டர்தான்.

இனி லொம்போக்கில் அவர் தங்கிய அந்த அறை. சாப்பாடு, தூக்கம், பறவைத் தோலுரிப்பு, கிடங்கு எல்லாம் அந்த ஒரே சிறிய அறையில். மேசை இல்லை, நாற்காலி இல்லை, அலமாரி இல்லை. வீட்டுக்காரருக்கும் அதுதான் வரவேற்பறை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அங்கேதான். நாயும் பூனையும் கோழியும் நினைத்தபோது உள்ளே வரும். ஒரு பெட்டி இருந்தது: அதன்மேல் சாப்பாடு, அதன்மேல் உட்கார்ந்தே தோலுரிப்பு, உரித்துக் காய்ந்த தோல்கள் அதற்குள்ளே. மலாக்காவிலிருந்து வந்த உதவியாள் மானுவேல் தோலுரிப்பதில் கைதேர்ந்தவர். சரவாக் பையன் அலியும் உடன் இருந்தான். ஏறக்குறைய நூறு தோல்கள் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். நாற்றம் எறும்புகளை வரிசை கட்டி வரவழைத்தது. என்ன செய்தார் தெரியுமா? கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய பெஞ்சை இரவல் வாங்கி, அதன் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சிகளில் நிறுத்தினார்! நம் பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்த அதே வைத்தியம்.

ஆகஸ்டில் லண்டனிலுள்ள தன் முகவர் ஸ்டீவன்ஸுக்குக் கடிதம் போகிறது. மண் ஒன்று, தட்பவெப்பம் ஒன்று, ஆனாலும் இந்த இரண்டு தீவுகளும் இரு வேறு விலங்குலகங்களின் எல்லைகள் என்று அதில் எழுதுகிறார். அதே கடிதத்தில் இன்னொரு சங்கதி: கூட அனுப்பும் இந்த வாத்து டார்வினுக்கு! வீட்டுப் பறவை ரகங்களை டார்வின் ஊர் ஊராகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வருடம் கழித்து இவரே டார்வினுக்கு இயற்கைத் தேர்வுக் கட்டுரையை அனுப்பித் தூக்கத்தைக் கெடுத்தார். முதலில் போனது வாத்து என்பதுதான் எனக்குக் குஷி.

பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையிலான இந்தப் பிரிவினைக்குக் காரணம் கடலின் ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியபோது பாலி, ஜாவா, சுமத்ரா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டிக்கொண்டன. புலி நடந்தே வந்தது. லொம்போக் நீரிணையின் ஆழம் குறைந்த வாசலே ஏறத்தாழ 250 மீட்டர். அது வற்றவேயில்லை.

1863-இல் வாலஸின் கோடு வரைபடத்தில் சிவப்பாக ஏறியது. 1868-இல் அதற்கு அவர் பெயரைச் சூட்டியவர் உயிரியலாளர் ஹக்ஸ்லி. சூட்டிய கையோடு பிலிப்பைன்ஸுக்கு மேற்கே அதை வளைத்தும் விட்டார்! வாலஸ் மட்டும் சும்மாவா? சுலவேசியைக் கோட்டின் எந்தப் பக்கம் வைப்பது என்று கடைசிவரை அல்லாடினார். முதலில் கிழக்கே வைத்தவர், 1910-இல், 87 வயதில், மேற்கே மாற்றிவிட்டார். அந்தத் தீவுக் காட்டில் குட்டிக் காட்டெருமையும் பை வைத்த கஸ்கஸும் ஒன்றாகத்தான் திரிகின்றன.