கப்பலில் டிப்ஸ்: கொடுப்பவர் உரிமை, வாங்குபவர் உரிமை

2025 ஜூலை 4 அன்று கோர்டேலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் முதல்முறையாகப் புதுச்சேரிக்கு வந்தது. அவ்வளவு பெரிய கப்பல் நேராக வந்து அணையும் வசதி இங்கே இல்லாததால் கடலிலேயே நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறிய கலத்தில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கினார்கள். 2022 ஜூனில் இதே நிறுவனத்தின் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியபோது புதுச்சேரி அனுமதி மறுத்தது. சூதாட்டம் வந்துவிடும், கலாசாரம் கெட்டுவிடும் என்ற வாதங்கள் அப்போதும் எழுந்தன, இப்போதும் எழுகின்றன. அந்த விவாதம் நடக்கட்டும். கப்பலில் ஏறும் குடும்பத்தின் பணத்தையும் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளையின் சம்பளத்தையும் நேரடியாகத் தொடும் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பேசவில்லை. அதுதான் டிப்ஸ்.

புதுச்சேரியை அடுத்த பாகூரில் இருப்பவர்களுக்குக் கப்பல் டிப்ஸ் எதற்கு என்று தோன்றலாம். பாகூர், கிருமாம்பாக்கம், சேலியமேடு பக்கம் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். பிரான்ஸில் இருக்கும் மகன் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு சிங்கப்பூர் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருகிறார். இன்னொரு வீட்டில் கேட்டரிங் படித்த பிள்ளை, கப்பல் வேலைக்கு ஏஜென்ட் மூலமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். ஒருவர் கொடுக்கப் போகிறவர், மற்றவர் வாங்கப் போகிறவர். இருவருமே முழு விவரம் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, மனசுக்குப் பிடித்தால் தட்டில் இருபதோ ஐம்பதோ வைத்துவிட்டு வருகிறோம். கப்பலில் அந்த வழக்கம் செல்லாது. பெரிய வெளிநாட்டுக் கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தொகையை நிறுவனமே நிர்ணயித்து, உங்கள் அறைக் கணக்கில் தினமும் ஏற்றிவிடுகிறது. அமெரிக்கச் சந்தையின் முன்னணி நிறுவனங்களில் சாதாரண அறைக்கு இது ஏறக்குறைய 16 முதல் 20 டாலர். உயர்வகை அறைக்கு இன்னும் கூடும். 16 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு இரவு போனால் 256 டாலர். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். சிறு குழந்தைக்கும் முழுத்தொகை வாங்கும் நிறுவனங்கள் உண்டு. பானங்கள், சிறப்பு உணவகம், மசாஜ் ஆகியவற்றுக்கு 18 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் பில்லிலேயே தனியாகச் சேரும். கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும்போது வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது.

கப்பலுக்குள் யாரும் ரொக்கம் நீட்டுவதில்லை. ஏறும்போதே ஓர் அட்டை தருவார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், காபி வாங்குவதும் அதுதான். செலவு நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கடைசி இரவில் கணக்குச் சீட்டு வரும்போதுதான் பலருக்குத் தலை சுற்றுகிறது. அதனால் அந்தச் சீட்டைத் தினமும் பாருங்கள். அறைத் தொலைக்காட்சியிலோ வரவேற்பு மேசையிலோ கேட்டால் காட்டுவார்கள். தவறாக ஏறிய தொகையைக் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள். இறங்கியபின் அட்டையில் எடுத்துவிட்ட பணத்தைத் திரும்பப் பெறுவது மாதக்கணக்கில் இழுக்கும்.

இந்த டிப்ஸ் பணம் யாருக்குப் போகிறது? அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாட்டு மேசையில் பரிமாறுபவர், அவருடைய உதவியாளர் ஆகியோருக்கு ஒரு பங்கு. சலவை அறையிலும் சமையற்கூடத்தின் பின்புறத்திலும் வேலை செய்து பயணியின் கண்ணிலேயே படாதவர்களுக்கும் ஒரு பங்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தப் பங்கீடு மாறும். மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கும் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. பல நிறுவனங்களில் சேவைப் பணியாளரின் அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கும். அதை நிரப்புவதற்குத்தான் இந்தப் பொதுத் தொகை. அதாவது முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியைப் பயணியின் தலையில் ஏற்றி, அதற்கு டிப்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதற்கான கோபத்தை அறை சுத்தம் செய்யும் பிள்ளை மீது காட்டுவது அதைவிடத் தவறு.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கப்பல்களில் வரவேற்பு மேசையில் கேட்டு இந்தத் தொகையைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். சில நிறுவனங்கள் சேவையில் குறை இருந்தால் மட்டுமே குறைக்கும். முன்கூட்டியே செலுத்திவிட்டால் திரும்ப வாங்குவது இன்னும் கடினம். “நீக்கிவிட்டு நேரடியாகக் கையில் கொடுத்துவிடுகிறேன்” என்று நல்ல மனசோடு சிலர் நினைக்கிறார்கள். சில நிறுவனங்களில் அப்படிக் கையில் வந்த பணத்தையும் ஊழியர் பொதுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பின்புறம் வேலை செய்பவருக்கோ எதுவுமே போய்ச் சேராது. எனவே சேவை மோசமாக இருந்தால் காரணத்தைச் சொல்லிக் குறையுங்கள். நன்றாக இருந்தால் பொதுத் தொகையை அப்படியே விட்டுவிட்டு, மனசிருந்தால் மேலே கொடுங்கள்.

பயணியின் உண்மையான உரிமை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. விளம்பரத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம், துறைமுகக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை, 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் நுகர்வோரை ஏமாற்றும் உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளன. ஆகவே முகவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: டிப்ஸ் விலையில் அடக்கமா, தனியா? தனி என்றால் ஒருவருக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு, எந்த நாணயத்தில், குழந்தைக்கு உண்டா? வேண்டாம் என்றால் நீக்க முடியுமா? வாட்ஸ்அப்பில் வரும் பதிலே போதும், அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எல்லாம் உள்ளேயே இருக்கு” என்று வாயால் சொன்ன வார்த்தைக்கு நாளை சாட்சி கிடையாது.

கரையில் இருக்கும் ஓட்டல்களின் கதை வேறு. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டலோ உணவகமோ சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அமர்வு அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. சங்கங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ வெள்ளை நகரத்திலோ சாப்பிட்டுவிட்டுப் பில்லில் இந்தக் கட்டணத்தைப் பார்த்தால், எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த வழிகாட்டுதலின் பேச்சு ஓட்டல்களையும் உணவகங்களையும் பற்றியது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் இதைக் காட்டி வாதாடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே உங்களைக் காப்பது நீங்கள் டிக்கெட்டோடு ஏற்ற ஒப்பந்தமும் முகவர் எழுதித் தந்த பதிலும்தான்.

நம் பக்கத்து பிரான்ஸ் சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தால் ஓட்டலில் டிப்ஸ் வைக்கத் தயங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அங்கே உணவக விலைப்பட்டியலில் உள்ள தொகையிலேயே சேவையும் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸை முதலாளி ஒரு பைசா பிடிக்காமல் ஊழியர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் 2016 ஏப்ரலில் ஐடிசி நிறுவன வழக்கில் இதைத் தொட்டது. வாடிக்கையாளர் கார்டில் சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸை ஓட்டல், ஊழியர் சார்பில் நம்பிக்கையின் பேரில் வைத்திருந்து கொடுக்கிறது. அது முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது என்றது. வருமான வரி பிடித்தம் பற்றிய வழக்குதான் அது. ஆனாலும் ஊழியர் குடும்பங்கள் அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டிப்ஸ் சம்பளம் இல்லை என்றால், அதை நம்பி வைப்பு நிதியோ ஈட்டுறுதியோ கடனோ கணக்குப் போட முடியாது.

இங்கேதான் கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிக்குகிறார்கள். “சம்பளம் கம்மியா இருக்கேன்னு பாக்காத தம்பி, டிப்ஸே மாசம் லட்சம் வரும்” என்பதுதான் ஏஜென்ட் வழக்கமாகச் சொல்லும் பாட்டு. அந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைக்கிறார்கள், நிலத்தை விற்கிறார்கள். டிப்ஸ் எவ்வளவு என்பது கப்பல், பருவம், வேலை, பயணிகளின் நாடு எல்லாவற்றையும் பொறுத்தது. பாத்திரம் கழுவுபவரின் பங்கும் மேசையில் பரிமாறுபவரின் பங்கும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் தேட வேண்டியது உத்தரவாதத் தொகை என்ற வரியை. டிப்ஸ் குறைந்த மாதத்திலும் நிறுவனம் தன் கையிலிருந்து போட்டாவது இவ்வளவு தரும் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த எண்தான் சம்பளம். மற்றதெல்லாம் வந்தால் வரவு.

கப்பல் தொழிலாளருக்கென்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2015இல் ஏற்றது, 2016 அக்டோபர் முதல் அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. சொகுசுக் கப்பலில் அறை சுத்தம் செய்பவரும் சமையல்காரரும் இதன்படி கடலோடிகளே. வேலை வாங்கித் தருவதற்கு ஊழியரிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்கிறது அந்த உடன்படிக்கை. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே ஊழியருடையது. விசாச் செலவு கூடக் கப்பல் உரிமையாளரைச் சேர்ந்தது. சம்பளம் மாதாமாதம் வர வேண்டும், விவரத்தோடு சீட்டு தர வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் தராமல் விட்டால் ஊழியரைக் கைவிட்டதாகவே கருதி, கப்பலின் காப்பீட்டிலிருந்து நிவாரணம் கேட்க வழி இருக்கிறது.

ஏஜென்ட் உண்மையானவரா என்று பார்ப்பதும் பெரிய வேலை இல்லை. கடலோடிகளை வேலைக்கு அனுப்ப மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். ஆர்பிஎஸ்எல் என்று அதைச் சொல்வார்கள். உரிமம் உள்ளவர்கள், இடைநிறுத்தப்பட்டவர்கள் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. உரிம எண்ணைக் கேளுங்கள், அங்கே சரிபாருங்கள். எண் சொல்லத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பாதுகாப்புப் பயிற்சிக்கு என்று பணம் கட்டச் சொன்னால் அந்தப் பயிற்சி நிலையமும் இயக்குநரக அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் ஏறிவிடு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் பையனை அனுப்பாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் அழ வேண்டாம். பயணியாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். முகவர் சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் பாகூர்க்காரர் புதுச்சேரியிலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வேலை மோசடி என்றால் காவல் நிலையத்திலும் இயக்குநரகத்திலும் புகார் கொடுங்கள். இணையத்தில் பணம் போயிருந்தால் உடனே 1930. இலவச வழக்கறிஞர் உதவிக்கு 15100. கப்பலில் இருக்கும்போதே பிரச்சினை என்றால், கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்குள்ள ஆய்வு அதிகாரிகளிடமோ சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆய்வாளரிடமோ ஊழியர் முறையிடலாம். இந்த விவரத்தைப் பிள்ளை விமானம் ஏறும் முன்பே ஒரு தாளில் எழுதி அவன் பையில் வையுங்கள், ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.

புதுச்சேரி அரசிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கப்பல் மறுபடி வரும், அதற்கு மறுபடி அனுமதி கொடுப்பார்கள். அப்போது டிப்ஸ் உட்பட முழு விலையையும் முதல் வரியிலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையைச் சுற்றுலாத் துறை சேர்க்கட்டும். அதோடு, உரிமம் பெற்ற கப்பல் வேலை முகவர்களின் பட்டியலைப் பாகூர், வில்லியனூர் கொம்யூன் அலுவலக வாசல்களில் ஒட்டச் சொல்லட்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம்.