மக்காச்சோளம், முந்திரி, மல்லாட்டை: நல்லூர் பக்கத்துக்கு அமெரிக்கச் செடிகள் வந்த கதை

கடலூர் மாவட்டம் நல்லூர் ஒன்றியத்தில் மக்காச்சோளக் கொல்லை. விருத்தாசலத்தைத் தாண்டிப் பண்ருட்டி பக்கம் போனால் செம்மண் மேட்டில் முந்திரித் தோப்பு, நடுநடுவே மல்லாட்டை. எந்த வீட்டுக் குழம்பிலும் மிளகாய். இதைவிட 'நம்ம ஊர்' காட்சி வேறென்ன இருக்கு?

ஆனால், 550 வருஷத்துக்கு முன்னாடி இந்த நான்கில் ஒன்றுகூட இங்கே கிடையாது. நான்குமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்.

எப்படி வந்தன?

1492-ல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்த பிறகு பயிர்கள், விலங்குகள், நோய்கள், மனிதர்கள் எல்லாமே கண்டம் விட்டுக் கண்டம் நகர்ந்தன. இதற்கு 'கொலம்பியப் பரிமாற்றம்' என்று 1972-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் ஆல்பிரட் கிராஸ்பி.

பிரேசில் முந்திரியையும் மிளகாயையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். முந்திரியை மலையாளத்தில் 'பறங்கிமாவு' என்கிறார்கள். நம்ம பறங்கிக்காயிலும் அதே பறங்கிதான். நல்லூர், விருத்தாசலம் வழியே ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. அந்த வெள்ளாறு கடலைச் சேரும் ஊரின் பெயர் பரங்கிப்பேட்டை. மல்லாட்டை என்பதோ 'மணிலாக்கொட்டை' என்ற பெயரின் பேச்சு வடிவம். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின.

சும்மா வந்ததா?

இல்லை. ஐரோப்பியர்கள் கொண்டுபோன அம்மை போன்ற நோய்களாலும் போர்களாலும் அமெரிக்கப் பூர்வகுடிகளில் பெரும்பகுதியினர் அழிந்தனர். தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர்.

அந்த அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் முக்கியமானது இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து நீலச்சாயம் ஏற்றிய துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய மவுசு. பரங்கிப்பேட்டை, கடலூர், புதுச்சேரி எல்லாமே துணி ஏற்றுமதித் துறைமுகங்கள். நம்ம தறிக்கு வேலை கொடுத்த அதே வணிகம், இன்னொரு கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கியது.

இங்கே என்ன மாறியது?

முதலில், நிலத்தின் மதிப்பு. மழையை நம்பிய மேட்டு நிலத்தில் கம்பு, வரகு, கேழ்வரகு என வீட்டுக்கான தானியம் விளைந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மல்லாட்டை பரவியது. புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மர்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அங்கே சோப்பாகவும் மாறியது. விவசாயி கையில் காசு புழங்கியது. கூடவே, அவர் பார்க்காத ஊரில் விலை நிர்ணயமானது.

அடுத்து, வேலை. முந்திரி உடைப்பதில் பெரும்பாலும் பெண்கள்தான். தோலில் உள்ள எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். பளபளப்பான பாக்கெட்டில் அந்தக் கை தெரியாது.

ஆபத்தும் மாறியது. 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த 'தானே' புயல், கடலூர் மாவட்ட முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. மல்லாட்டை என்றால் அடுத்த பட்டத்தில் மறுபடி விதைக்கலாம். முந்திரி மரம் திரும்பக் காய்க்கச் சில வருஷமாவது ஆகும். அதுவரை குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்?

முடிந்துபோன கதையா?

அதுவும் இல்லை. மக்காச்சோளத்தைத் தின்னும் அமெரிக்கப் படைப்புழு, 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்து, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக் கொல்லைகளையும் தாக்கியது. செடி வந்து சில நூற்றாண்டு கழித்து, அதன் புழுவும் வந்து சேர்ந்துவிட்டது. நல்லூர் விவசாயிக்கு மருந்துச் செலவு கூடியது. மக்காச்சோளம் கோழித் தீவனத்தின் முக்கியப் பொருள் என்பதால், அந்த அடி முட்டை விலை வரைக்கும் போகும்.

முந்திரியும் இன்னும் கடல் தாண்டுகிறது. உள்ளூர் விளைச்சல் போதாததால் ஐவரி கோஸ்ட் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பச்சைக் கொட்டை இறக்குமதியாகி, இங்கே உடைபடுகிறது. ஒரு காலத்தில் நம்ம துணி போய் இறங்கிய அதே ஆப்பிரிக்கக் கரையோரம்தான் அது. இப்போது அங்கே விலை ஏறினால், பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்ணின் அன்றைய கூலிக்கும் சிக்கல் வரும்.